அரண்மனையை இரண்டாம் முறை பிடித்த கதை

நோட்டுக்கு அட்டை போடப் பழுப்புத் தாள் வாங்கக் காசு கேட்டால் வீட்டில் முறைப்பார்கள். ‘சோவியத் நாடு’ பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்த பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் கேட்டால் பழைய இதழ்களைச் சும்மாவே அள்ளிக் கொடுப்பார். வழவழ தாள். மழையில் நனைந்தாலும் லேசில் ஊறாது. கணக்கு நோட்டில் கோதுமை வயல், அறிவியல் நோட்டில் ககாரினின் சிரிப்பு. என் வரலாற்று நோட்டுக்கு வாய்த்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: அகன்ற மைதானம், எதிரே நீளமான மாளிகை, அதை நோக்கி எறும்புச் சாரை போல ஓடும் மனிதர்கள். ‘குளிர்கால அரண்மனை மீது தாக்குதல், 1917’ என்று கீழே போட்டிருந்தது. அந்த ஆண்டு முழுக்க அசோகர் மரம் நட்டதையும் ஷெர்ஷா சாலை போட்டதையும் அந்த எறும்புகளைத் தடவிக்கொண்டேதான் படித்தேன்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, படத்தில் ஓடுகிறவர்களில் ஒருவரும் புரட்சி செய்துகொண்டிருக்கவில்லை என்பது. அவர்கள் நடித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்த வருஷமும் 1917 இல்லை, 1920.

ஏமாந்தேன் என்று கோபப்படத் தோன்றவில்லை. அசல் சம்பவம் என்ன லட்சணத்தில் நடந்தது என்று படித்த பிறகு, அதைப் படம் எடுக்காமல் விட்டதே நல்லது என்றுதான் தோன்றியது.

அசலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917 அக்டோபர் 25. ரஷ்யா அப்போது பழைய பஞ்சாங்கத்தில் இருந்தது. உலகத்துக்கு அன்று நவம்பர் 7. அக்டோபர் புரட்சியை வருஷா வருஷம் நவம்பரில் கொண்டாடுகிற விநோதம் இப்படித்தான் வந்தது. பெத்ரோகிராத் நகரில் அன்று டிராம் வண்டி ஓடியது, ஓட்டல்கள் திறந்திருந்தன. பாடகர் ஷல்யாபின் அன்றிரவு வழக்கம்போல மேடையேறிப் பாடினார். ஜார் மன்னர் போன பிறகு அமைந்த தற்காலிக அரசின் மந்திரிகள் குளிர்கால அரண்மனைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பிரதமர் கெரென்ஸ்கி மட்டும் இல்லை. போர்முனையிலிருந்து படை கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அமெரிக்கத் தூதரகத்தின் கார் ஒன்றையும் இரவல் வாங்கித் துணைக்கு வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். பொம்பளை வேஷம் கட்டித் தப்பினார் என்று பின்னாளில் ஊரெல்லாம் பரப்பினார்கள். ஓவியமாகவே வரைந்தும் வைத்தார்கள். பாவம், மனுஷர் போனது வழக்கமான உடுப்பில்தான்.

லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் அரண்மனையைப் பிடிக்க முதலில் குறித்த நேரம் மதியம். அது மூன்று மணி ஆயிற்று, ஆறு மணி ஆயிற்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு தள்ளிப்போவது போல முகூர்த்தம் தள்ளிக்கொண்டே போனது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பீட்டர் பால் கோட்டையின் கொடிமரத்தில் சிவப்பு லாந்தரை ஏற்ற வேண்டும். அதுதான் தாக்குதலுக்குச் சைகை. எல்லாம் தயார், லாந்தர் மட்டும் இல்லை. கோட்டைப் பொறுப்பாளர் பிளகோன்ராவோவ் தானே இருட்டில் தேடிக்கொண்டு போனார், வழி தவறினார், சேற்றில் விழுந்தார். கடைசியில் ஒரு விளக்கோடு திரும்பி வந்தார். அது சிவப்பும் இல்லை, கொடிமரத்தில் கட்டவும் வரவில்லை. உலகத்தின் முதல் தொழிலாளர் அரசு ஒரு லாந்தருக்காகக் காத்து நின்ற நேரம் அது.

இதற்குள் அரண்மனைக் காவலில் இருந்தவர்களுக்குப் பசி வந்துவிட்டது. சாப்பாடு வரவில்லை, உதவிப் படையும் வரவில்லை என்றதும் ஒவ்வொரு கூட்டமாக நழுவ ஆரம்பித்தார்கள். மிஞ்சியது கொஞ்சம் பயிற்சி மாணவர்களும் பெண்கள் பட்டாளத்தின் ஒரு பகுதியும். மந்திரிகளுக்கு மட்டும் இரவு உணவு வந்தது: பீட்ரூட் சூப்பு, மீன், கூனைப்பூ. இரவு 9.40க்கு அரோரா போர்க்கப்பல் ஒரு வெடி வெடித்தது. வெற்று வெடி. நம் ஊர்க் கோயில் அதிர்வேட்டு போல சத்தம் உண்டு, குண்டு இல்லை. பிறகு கோட்டையிலிருந்து நிஜக் குண்டுகளும் வந்தன; அவற்றில் பெரும்பாலானவை நேவா நதி மீன்களைத்தான் தாக்கின. கூட்டம் பக்கவாட்டு வாசல்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புகுந்து, அறை அறையாகத் தேடி, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி சுமாருக்குச் சின்னச் சாப்பாட்டு அறை ஒன்றில் மந்திரிகளைக் கண்டுபிடித்துக் கைது செய்தது. இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

உண்மையான போர் அதற்குப் பிறகு, பாதாளத்தில் நடந்தது. ஜாரின் மது நிலவறை இருக்கிறதே, அதன் மீதுதான் ஆவேசமான தாக்குதல். காவலுக்குப் போட்ட பட்டாளம் குடித்து விழுந்தது. அதை மாற்றிவிட்டு வேறு பட்டாளம் போட்டார்கள், அதுவும் விழுந்தது. புட்டிகளை உடைத்துத் தண்ணீர் விட்டு மூழ்கடிக்கத் தீயணைப்பு வீரர்களை அனுப்பினார்கள், அவர்களும் தள்ளாடினார்கள். இதையெல்லாம் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று ஒதுக்க முடியாது. மந்திரிகளைக் கைது செய்த அன்தோனவ்-ஒவ்சேயென்கோவே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இப்படி வந்த ஆட்சியை நாடு ஏற்க வேண்டுமே. கிராமத்து ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்குக் கொடுக்கப் பத்திரிகைத் தாள் பஞ்சம். மார்க்ஸின் மூலதனத்தை நூறு கட்டு அனுப்பினால் சுருட்டுச் சுற்றத்தான் ஆகும். ஆகவே கட்சி கூத்துக் கட்ட முடிவு செய்தது. உள்நாட்டுப் போர், பஞ்சம், விஷக்காய்ச்சல் மூன்றும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று நான்கு வருஷங்களில் நடந்த திருவிழாக்களை எண்ணினால், நம் ஊர்ப் பங்குனி, சித்திரை எல்லாம் வெட்கப்பட்டு ஒதுங்கும்.

ஆரம்பத்தில் கைப்பழக்கம் போதவில்லை. 1918 ஏப்ரலில் லெனின் ஒரு ஆணை போட்டார்: ஜார் காலத்துச் சிலைகளை இறக்கு, புரட்சி வீரர்களுக்குச் சிலை வை. வெண்கலத்துக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த சாந்தையும் மட்டமான காங்கிரீட்டையும் வைத்துச் செய்தார்கள். மாஸ்கோவில் அந்த நவம்பர் 3ஆம் தேதி பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியருக்குச் சிலை திறந்தார்கள். நாலே நாளில், புரட்சியின் முதல் ஆண்டு விழாவன்று, அது பொடிப்பொடியாகக் கிடந்தது. ஒருமுறை கில்லட்டினில் தலை போனவருக்கு மறுமுறை மொத்த உடம்பும் போனது. அதே நவம்பர் 7 அன்று மார்க்ஸ், ஏங்கெல்ஸ் இருவரும் சேர்ந்து நிற்கும் சிலையை லெனினே திறந்து வைத்தார். இருவரும் ஏதோ தொட்டிக்குள் நிற்பது போல இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்கள். மாஸ்கோ மக்கள் பார்த்தார்கள், ‘தாடிக்காரக் குளியலாளிகள்’ என்று பெயர் வைத்தார்கள், போய்விட்டார்கள்.

வித்தெப்ஸ்க் நகரில் இன்னொரு கூத்து. அங்கே கலைத்துறைக்குப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தவர் ஓவியர் மார்க் ஷகால். தம் சொந்த ஊராயிற்றே என்று ஆசை ஆசையாகப் படம் போட்டார். ஊரில் கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கிறவர்களையெல்லாம் கூட்டி அவற்றைப் பெரிது பண்ணி வீதியெங்கும் தொங்கவிட்டார். தோழர்கள் வந்து பார்த்தார்கள். மாடு ஏன் பச்சையாக இருக்கிறது, குதிரை ஏன் ஆகாயத்தில் பறக்கிறது, இதற்கும் மார்க்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். ஷகால் பின்னாளில் சுயசரிதையில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கென்னவோ தோழர்கள் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது.

ரயில் யோசனை உருப்படியானது. 1918 ஆகஸ்டில் லெனின் பெயர் தாங்கிய முதல் பிரசார ரயில் மாஸ்கோவிலிருந்து கிளம்பியது. அப்புறம் ‘அக்டோபர் புரட்சி’, ‘சிவப்புக் கிழக்கு’, ‘சிவப்புக் கசாக்’ என்று வரிசையாக வந்தன. பெட்டிகளின் வெளிப்புறமெல்லாம் ஓவியம், உள்ளே அச்சு இயந்திரம், புத்தகக்கடை, சினிமாக் கருவி. ரயில் போகாத ஊருக்குக் கப்பல்: 1919இல் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா ‘சிவப்பு நட்சத்திரம்’ என்ற நீராவிக் கப்பலில் வோல்கா நதிவழியே ஊர் ஊராகப் போனார். சொற்பொழிவு கேட்க வந்தவர்களைவிடச் சினிமா பார்க்க வந்தவர்கள் அதிகம் என்று நான் பந்தயம் கட்டத் தயார். கட்சிக்கும் அது தெரியும்; சினிமா அவர்களுக்குப் பொரி, சொற்பொழிவுதான் தூண்டில்.

மாஸ்கோவில் கவிஞர் மயகோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் அரசுச் செய்தி நிறுவனத்துக்காகச் சுவரொட்டி எழுதினார்கள். கேலிச்சித்திரமும் இரண்டு வரிக் கிண்டலுமாக, அட்டையை வெட்டி வர்ணம் தடவி இரவோடிரவாகப் பிரதி எடுப்பார்கள். ஒட்டுவதற்கு இடம் தேட வேண்டிய அவசியமே இல்லை. கடைகளில் சரக்கு கிடையாது, கண்ணாடி ஜன்னல்கள் காலி. ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் கவிதை இருந்தது.

1920 மே தினத்தன்று தேசம் முழுக்கச் சம்பளமில்லா உழைப்பு நாள். லெனினும் கிரெம்ளின் வளாகத்தில் இறங்கி மரக்கட்டை தூக்கினார். நிஜமாகவே தூக்கினார், அதில் சந்தேகம் வேண்டாம். சந்தேகம் அந்தக் கட்டையின் நீளத்தில்தான். அவரோடு சேர்ந்து நானும் அதைத் தூக்கினேன் என்று சொல்லிக்கொண்டவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் ஏறி, ரஷ்யர்களே வைத்துச் சிரிக்கும் ஜோக்காகிவிட்டது.

இந்தப் பயிற்சியெல்லாம் சேர்ந்து கனிந்த இடம்தான் என் வரலாற்று நோட்டின் அட்டை.

1920 நவம்பர் 7, மூன்றாம் ஆண்டு விழா. பெத்ரோகிராத் ராணுவ வட்டாரத்தின் அரசியல் பிரிவு செலவுக் கணக்கு பார்க்காமல் இறங்கியது. 1917இல் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம் அப்போது சுமார் ஏழு லட்சமாகச் சுருங்கிக் கிடந்தது; விறகுக்காக மரவீடுகளை உடைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில், அதே அரண்மனை முன்னால், அதே சண்டையை மறுபடி போட்டுக் காட்டுவது என்று முடிவு. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முடிவு எல்லாருக்கும் தெரியும். சூரன் இன்று பிழைத்துவிடுவானோ என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஆனாலும் கடற்கரை நிறையும்.

இயக்குநர் நிக்கலாய் எவ்ரெயினோவ். கட்சிக்காரர் இல்லை. மனுஷன் மூச்சு விடுவதே நாடகம்தான் என்று புரட்சிக்கு முன்பே கொள்கை பேசிப் புத்தகம் போட்டவர். இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு மைதானம், ஒரு அரண்மனை, ஒரு போர்க்கப்பல், வேண்டிய அளவு பட்டாளம் எல்லாவற்றையும் கொடுத்து ‘செய்’ என்றால் கசக்குமா? அரங்க அமைப்பு யூரி அன்னென்கோவ். ஏற்பாடுகளில் ஓடியாடியவர்களில் திமீத்ரி தியோம்கின் என்ற இளம் பியானோக்காரரும் ஒருவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

அரண்மனைக்கு எதிர்ப்புறம் இரண்டு பிரம்மாண்ட மேடைகள்: ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, நடுவே வளைந்த பாலம். வெள்ளை மேடையில் கெரென்ஸ்கி, மந்திரிகள், பண மூட்டையோடு முதலாளிகள், சீமாட்டிகள். அங்கே நடப்பதெல்லாம் கோமாளித்தனம். மந்திரிகள் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வார்கள். சிவப்பு மேடையில் ஆலை, புகைபோக்கி, கலைந்து கிடக்கும் தொழிலாளர் கூட்டம். அந்தக் கூட்டம் மெல்ல மெல்ல ஒன்றுதிரண்டு, முதலில் முணுமுணுப்பாகவும் பிறகு இடிமுழக்கமாகவும் ‘லெனின், லெனின்’ என்று கூவும். நடித்தவர்கள் செம்படை நாடகக் குழுவினர், கடற்படையினர், நாடக மாணவர்கள், பாலே ஆடுகிறவர்கள், சர்க்கஸ்காரர்கள். மொத்தம் எட்டாயிரம் பேர் என்று சொல்கிறவர்கள் உண்டு. குறைத்துச் சொல்கிறவர்களும் ஆயிரக் கணக்கில்தான் பேசுகிறார்கள். பார்த்தவர்கள் ஒரு லட்சம் என்பது வழக்கமான கணக்கு. மைதானத்தின் நடுவிலுள்ள அலெக்சாந்தர் தூணை ஒட்டி எவ்ரெயினோவின் மேடை. கையில் தொலைபேசி, சைகை விளக்குப் பொத்தான்கள். அசல் புரட்சிக்கு இவ்வளவு தொலைபேசி வசதி இருந்திருந்தால் பிளகோன்ராவோவ் சேற்றில் விழுந்திருக்க மாட்டார்.

இரவு பத்து மணிக்கு ஆட்டம். ஒளிவிளக்குகள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குத் தாவின. பாலத்தில் கைகலப்பு. மந்திரிகள் மோட்டார் ஏறி மைதானத்தைக் கடந்து நிஜ அரண்மனைக்குள் பாய்ந்தார்கள். பின்னாலேயே துப்பாக்கி முனைகள் பளபளக்க லாரிகள். இருண்டு கிடந்த அரண்மனையில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் கட்டிப் புரண்டு சண்டையிடும் நிழல்கள். அரண்மனையையே தோல்பாவைக்கூத்துத் திரையாக்கிவிட்டார் மனுஷர். எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான். எந்தக் கட்சிக்காக என்றாலும் சரி, இந்த யோசனைக்குத் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

அரோராவும் வந்தது. 1917இல் ஒரே ஒரு வெற்று வெடி போட்ட கப்பல், தன் பாத்திரம் பெரிதாகிவிட்ட உற்சாகத்தில் வெடித்துத் தள்ளியது. நிறுத்தச் சொல்லும் தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டது, கப்பல் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது, கடைசியில் ஓர் ஆளை சைக்கிளில் துரத்திவிட்டுத்தான் நிறுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. முதல் தடவை சைகை கொடுக்க விளக்கு இல்லை, இரண்டாம் தடவை சைகை போய்ச் சேரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாடகம் அசலுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. கடைசியில் செங்கொடி, எல்லாரும் சேர்ந்து சர்வதேச கீதம், வாணவேடிக்கை.

இதைப் பார்த்து எது அசல், எது நாடகம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் இருந்தார். ஜான் ரீட். முதல் இரவு அரண்மனைக்குள் கூட்டத்தோடு நுழைந்த அமெரிக்கப் பத்திரிகையாளர், ‘உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்’ எழுதியவர். மாஸ்கோவில் விஷக்காய்ச்சல் கண்டு அக்டோபர் 17 அன்று இறந்துபோனார், விழாவுக்கு மூன்று வாரம் முன்பு. அதே அக்டோபர் 17இல்தான் தாஷ்கந்த் நகரில் ஒரு சின்னக் கூட்டம் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி என்று ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் நம் மெட்ராஸ்காரர், பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகையில் உழைத்த எம்.பி.டி. ஆச்சாரியா. அவரும் கொஞ்ச காலத்தில் கட்சியோடு சண்டை போட்டுக்கொண்டு அராஜகவாதி ஆகிவிட்டார் என்பது வேறு கதை.

இன்னொரு விஷயம், அவ்வளவு சிரிப்பாக இல்லாதது. எவ்ரெயினோவின் பட்டாளம் பெத்ரோகிராதில் வெற்று வெடி போட்ட அதே நவம்பர் 7 இரவில், தெற்கே கிரிமியாவின் வாசலான பெரகோப்பில் நிஜமான செம்படை உறைபனித் தண்ணீரில் இறங்கி நடந்து நிஜமான குண்டுகளை வாங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதம் போகவில்லை, ரேஷன் போதாமல் பெத்ரோகிராத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1921 மார்ச்சில் பக்கத்துத் தீவிலுள்ள குரோன்ஸ்தாத்தின் மாலுமிகள், எந்த மாலுமிகளைப் புரட்சியின் பெருமை என்று கொண்டாடினார்களோ அதே தளத்தைச் சேர்ந்தவர்கள், கட்சிக்கு எதிராகவே கிளம்பினார்கள். கட்சி அவர்களுக்குக் கூத்து காட்டவில்லை. பனிக்கட்டியாய் உறைந்த கடல்மீது படையை நடத்திப் போய் அடக்கியது.

ஆனால் கூத்து வீணாகவில்லை. அதில் எடுத்த ஒரு படத்தை யாரோ தடவித் திருத்தினார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தை அழித்தார்கள், இயக்குநரின் மேடையை அழித்தார்கள். மிஞ்சியது ஓடுகிற பட்டாளமும் அரண்மனையும். கீழே ‘1917’ என்று போட்டாயிற்று. புத்தகம், பத்திரிகை, பாடநூல் என்று அது உலகம் சுற்றி, கடைசியில் பக்கத்து வீட்டுச் சித்தப்பா கைக்கும் வந்தது.

1927இல் பத்தாம் ஆண்டு விழாவுக்காக ஐசன்ஸ்டீன் ‘அக்டோபர்’ படம் எடுத்தார். அரண்மனை மூன்றாம் முறை வீழ்ந்தது. அதில் கூட்டம் இரும்புக் கேட்டில் ஏறிக் குதிக்கும் காட்சியை இன்றும் சில தொலைக்காட்சிகள் நிஜ ஆவணம் போலப் போடுகின்றன. 1917இல் யாரும் அப்படி ஏறிக் குதிக்கவில்லை. படப்பிடிப்பு முடிந்து உடைந்த கண்ணாடிகளைப் பெருக்கிய கிழட்டுச் சேவகர் ஒருவர், முதல் தடவை பிடித்தபோது உங்கள் ஆட்கள் இதைவிடப் பதவிசாக நடந்துகொண்டார்கள் என்று சொன்னதாக ஐசன்ஸ்டீனே சொல்லியிருக்கிறார். படம் திரைக்கு வரத் தயாரானபோது, அசல் எழுச்சியை நடத்திய டிராட்ஸ்கி கட்சியில் இல்லை. அவர் வரும் காட்சிகளை வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். புகைப்படத்திலிருந்து இயக்குநரை அழித்தவர்களுக்குப் படத்திலிருந்து தளபதியை அழிப்பதா கஷ்டம்?

கூத்தை நடத்தியவர்கள் என்ன ஆனார்கள்? அன்னென்கோவ் 1924இல் வெளிநாடு போனவர் திரும்பவில்லை, பாரிஸில் தங்கிவிட்டார். எவ்ரெயினோவ் 1925இல் கிளம்பி அவரும் பாரிஸ். நினைவில் வைக்கச் சொன்ன தியோம்கின் அமெரிக்கா போய் ஹாலிவுட்டில் இசையமைப்பாளரானார். ‘ஹை நூன்’ என்ற கௌபாய்ப் படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார். முதலாளித்துவத்தை வீழ்த்தும் காட்சியை அவ்வளவு அழகாக நடத்திக் கொடுத்த மூவரும் முதலாளித்துவ நாடுகளிலேயே வாழ்ந்து முடித்தார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சோவியத் புத்தகக் கட்டு இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டுங்கள். அரண்மனையை நோக்கி எறும்புகள் ஓடும் படம் அகப்பட்டால் உற்றுப் பாருங்கள். ஒரு ஓரமாக வேடிக்கை பார்க்கும் ஜனங்களும் நடுவில் ஒரு மேடையும் தெரிந்தால், உங்களிடம் இருப்பது திருத்தாத படம். பத்திரமாக வையுங்கள். என் நோட்டில் இருந்தது திருத்தியது. அரைப் பரீட்சைக்குள் கிழிந்தும் போயிற்று.